பெரிய தோட்டா, மெல்லிய உதைப்பு: கவ்பாய் சுடுபோட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் கவ்பாய் சுடுபோட்டிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ".45 கோல்ட்டில்தான் சுட ஆசை. ஆனால் ஒரு நாள் போட்டி முடிவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது. அடுத்த இலக்குத் தகட்டுக்குக் குழல் இறங்கிவர நேரமாகிறது. வீட்டிலேயே மென்மையான தோட்டா செய்துகொள்ளலாமா?" செய்துகொள்ளலாம். நானும் அப்படித்தான் சுடுகிறேன். ஆனால் மென்மைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாதுகாப்பானது. மற்றது துப்பாக்கியையும் விரல்களையும் கெடுப்பது. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன். தோட்டாவைச் சொந்தமாக நிரப்பச் சட்டம் இடம்தரும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், கைவைக்க வேண்டாம்.

1. எதற்காகச் சுடுகிறோம் என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்.

1980-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் சில நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த விளையாட்டு இது. 1987-இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி உருவானது. சாஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். 19-ஆம் நூற்றாண்டு வடிவத்தில் இரண்டு ரிவால்வர்கள், ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன். ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்தால்தான் ரிவால்வர் சுடும். ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேமரைக் காலி அறையின்மேல் இறக்கி வைப்போம். இரும்புத் தகடுகள் பெரியவை, ரிவால்வருக்குப் பெரும்பாலும் பத்து கஜத்துக்குள்ளேயே நிற்கும். எடுத்துக்கொண்ட நேரமே மதிப்பெண். தவறவிட்ட ஒவ்வொரு தகட்டுக்கும் ஐந்து வினாடி கூடும்.

வேட்டைக்குத் தேவையான வேகம் இங்கே எதற்கும் உதவாது. எதிரில் இருப்பது வண்ணம் பூசிய இரும்பு. குண்டு நேராகப் போய் ஓசை எழுப்பினால் போதும். அதனால் உதைப்பைக் குறைப்பது நியாயமான ஆசை. சிலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறாயிரம் மைல் ஓடிக் களைத்த குதிரைப்படை வீரனின் வாழ்க்கையை நாம் வாழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நல்ல கையோடு வீடு திரும்ப வேண்டும்.

2. விதி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ரிவால்வர் குண்டு வினாடிக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது. ரைபிளுக்கு 1,400 அடி. கீழ் எல்லையும் உண்டு. பவர் ஃபேக்டர் 60-க்குக் குறையக் கூடாது, வேகம் எந்த நிலையிலும் வினாடிக்கு 400 அடிக்குக் கீழே போகக் கூடாது. குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். குண்டு ஈயமாகவே இருக்க வேண்டும். செம்பு உறையிட்டதும் செம்பு முலாம் பூசியதும் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் விதிப்புத்தகத்தைப் புதிதாகப் பார்த்துவிடுங்கள்.

கிளாசிக் கவ்பாய் போன்ற பிரிவுகளில் .40 அல்லது அதைவிடப் பெரிய விட்டம் கட்டாயம். வெல்வதற்காக மட்டும் வருபவர்கள் .38 ஸ்பெஷலுக்குப் போய்விடுவது எளிது. 1873-இன் கோல்ட்டைக் கையில் பிடித்து, அதற்கே உரிய தோட்டாவில் சுட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குத்தான் இனி வருவதெல்லாம்.

3. உதைப்பு எதிலிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

.45 கோல்ட்டின் வழக்கமான குண்டு 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். அதை வினாடிக்கு 850 அடி வேகத்தில் விட்டால் பவர் ஃபேக்டர் 212. அதே ரிவால்வரில் 160 கிரெய்ன் குண்டை 650 அடி வேகத்தில் விட்டால் 104. ஏறக்குறையப் பாதி. குழலை விட்டுக் குண்டு கொண்டுபோகும் உந்தம் பாதியானால், கைக்கு வரும் உதைப்பின் ஆற்றல் கால்வாசி ஆகிறது, ஏனென்றால் ஆற்றல் உந்தத்தின் இருமடிப்படி மாறும். புதியவர்கள் இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டாலே பாதித் தொல்லை தீரும். விதியின் அடிமட்டமான 60 வரை இறங்க வேண்டிய தேவையே இல்லை. 104-லேயே கை சுகமாக இருக்கிறது.

பவுடரின் எடையும் உதைப்பில் சேரும். பழைய கரும்பவுடர்த் தோட்டாவில் 40 கிரெய்ன் வரை கரும்பவுடர் இருந்தது. அது எரிந்து வாயுவாகவும் புகையாகவும் குண்டின் பின்னாலேயே வெளியே பாயும். புகையில்லாப் பவுடர் அதில் சிறு பங்குதான் வேண்டும். அந்த வகையில் நமக்கு ஏற்கெனவே ஒரு சலுகை கிடைத்துவிட்டது.

4. குண்டின் எடையைக் குறையுங்கள். பவுடரைப் பட்டினி போடாதீர்கள்.

நான் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுதான். 250 கிரெய்ன் குண்டை வைத்துக்கொண்டே, தோட்டா நிரப்பும் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே பவுடரைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பெட்டி நன்றாகச் சுடும். பிறகு ஒரு குளிர்காலக் காலையில் ஒரு குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். 200 கிரெய்ன் குண்டுக்கும் 160 கிரெய்ன் குண்டுக்கும் பவுடர் நிறுவனங்களே சோதித்து வெளியிட்ட அளவுகள் உண்டு. அந்தப் பக்கத்தின் தொடக்க அளவில் இருந்து தொடங்குங்கள். அதிலேயே உதைப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன். வேறு யார் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ளாதீர்கள். பவுடரின் பெயர், குண்டின் வடிவம், பவுடரைக் கொள்ளும் கூட்டின் நீளம், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் அழுத்தம் மாறும். லைமன் கையேடு போன்ற அச்சிட்ட புத்தகம் ஒன்றும், உங்கள் பவுடர் நிறுவனத்தின் இந்த ஆண்டு அட்டவணையும் மேஜைமேல் திறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று. .45 கோல்ட்டுக்குக் கையேடுகளில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு என்ற வழக்கமான அழுத்த வரம்புக்குள் வருவது. மற்றது ரூகர் பிளாக்ஹாக் போன்ற கனத்த சட்டகம் கொண்ட துப்பாக்கிகளுக்கானது. இரண்டாவது பகுதியைத் திறக்கவே வேண்டாம். 1900-க்கு முன் பிறந்த அசல் கோல்ட் கைக்கு வந்தால் அதில் புகையில்லாப் பவுடரே கூடாது.

5. கூட்டைச் சிறிதாக்க முடிந்தால் சிறிதாக்குங்கள்.

.45 கோல்ட் கூடு 1.285 அங்குல நீளம். கரும்பவுடரை நெஞ்சுமுட்ட நிரப்புவதற்காக வகுத்தது. அதில் புகையில்லாப் பவுடரைச் சிறிதளவு போட்டால், கல்யாண அண்டாவின் அடியில் ஒரு கரண்டி ரசம் கிடப்பதுபோல்தான். மிச்ச இடமெல்லாம் காற்று. அந்தக் காற்றே அடுத்து நான் சொல்லப்போகும் தொல்லைகள் அத்தனைக்கும் வேர்.

.45 ஸ்கோஃபீல்ட் கூடு 1.10 அங்குலம். 1875 முதல் இருப்பது, பெரும்பாலான .45 கோல்ட் ரிவால்வர்களில் பொருந்தும். விளிம்பு சற்று அகலம் என்பதால் உங்கள் துப்பாக்கியில் போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கவ்பாய் .45 ஸ்பெஷல் இன்னும் குட்டை. நம் விளையாட்டுக்காரர்களே இந்தத் தேவைக்காக உருவாக்கியது அது, நீளத்தில் .45 ஏசிபி கூட்டை ஒத்தது. குட்டைக் கூட்டில் பவுடர் ஒரே சீராக எரியும், வேகம் தோட்டாவுக்குத் தோட்டா அதிகம் அலையாது.

இதில் ஓர் எச்சரிக்கை. நீளக் கூட்டின் பவுடர் அளவை அப்படியே குட்டைக் கூட்டில் போட்டால் அழுத்தம் எகிறும். ஒவ்வொரு கூட்டுக்கும் அதற்கே உரிய அட்டவணை.

6. பவுடர் எங்கே கிடக்கிறது என்று யோசியுங்கள்.

பாதிக்கு மேல் காலியான கூட்டில் பவுடர் முன்னால் குண்டின்மேல் சரிந்திருந்தால் வேகம் குறையும். பின்னால் பிரைமரை ஒட்டிக் கிடந்தால் கூடும். சில பவுடர்களில் இந்த வித்தியாசம் வினாடிக்கு நூறு அடியைத் தாண்டும். சராசரி 600 அடி என்று வேகமானி காட்டும் தோட்டா, தன் மோசமான நிலையில் 500-க்கே இறங்கக்கூடும்.

நம் விளையாட்டில் ரிவால்வர் உறையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குழல் தரையை நோக்கி. பவுடர் முழுவதும் குண்டின்மேல் சரிந்து கிடக்கும். உருவி நிமிர்த்திச் சுடும் முதல் சுற்றுதான் மிக மெதுவான சுற்று. வேகமானியின் முன் நின்று துப்பாக்கியைச் சமமாகப் பிடித்துச் சுட்டுவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், போட்டியில் நடப்பதை நீங்கள் அளக்கவே இல்லை.

அளக்கும் முறை இது. குழலைப் பாதுகாப்பான திசையில் தரை நோக்கித் தாழ்த்தி, மெல்லச் சமநிலைக்குக் கொண்டுவந்து சுடுங்கள். அப்படி ஐந்து சுற்று. பிறகு களத்தின் விதி இடம்தந்தால் குழலை உயர்த்தி, மெல்லத் தாழ்த்திச் சுடுங்கள். இன்னொரு ஐந்து. இரண்டு வரிசைகளையும் பக்கம்பக்கமாக எழுதுங்கள். தாழ்த்திச் சுட்ட வரிசையின் மிகக் குறைந்த எண்தான் உங்கள் உண்மையான தோட்டா. அது 400-ஐ நெருங்கினால் அந்தக் கலவையைக் கைவிடுங்கள். குளிர்நாளில் மறுபடி அளந்து பாருங்கள், எண் இன்னும் இறங்கும்.

இதற்காகவே வந்த பவுடர் ஐஎம்ஆரின் டிரெயில் பாஸ். நடுவில் ஓட்டையுள்ள சிறு வளையங்களாக, எடையின்றிப் பொங்கி, பெரிய கூட்டையும் நன்றாக நிறைக்கும். சில ஆண்டுகளாக அது கடைகளில் கிடைப்பதில்லை. பழைய டப்பா உங்களிடம் இருந்தால் ஒன்றை மறவாதீர்கள்: குண்டை இறக்கும்போது அந்த வளையங்களை நசுக்கக் கூடாது. நசுங்கினால் எரியும் வேகம் மாறிவிடும். கிடைக்காதவர்கள், இடநிலை அதிகம் பாதிக்காது என்று பெயர் வாங்கிய டைட்குரூப் போன்றவற்றைப் பார்க்கலாம். ஆனால் அது கூட்டின் அடியில் மிகக் கொஞ்ச இடத்தையே பிடிக்கும். அதனால் அடுத்த அறிவுரை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

7. இரட்டை அளவு என்பதை நினைத்தாலே பயம் வர வேண்டும்.

சிறிய அளவு பவுடர், பெரிய கூடு. அதே கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. சிலவற்றில் மூன்று முறை விழுந்தாலும் வழியாது. மென்மையாகச் சுட ஆசைப்பட்டவனின் கையில்தான் சிலிண்டர் பிளக்கிறது. அதை நேரில் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

புதியவர்கள் தோட்டா நிரப்பும் ஒற்றை நிலை பிரஸ்ஸில் தொடங்குங்கள். ஐம்பது துளைப் பலகையில் கூடுகளை அடுக்கி, எல்லாவற்றிலும் பவுடர் போட்ட பிறகு, ஒரு குண்டையும் வைக்கும் முன் நல்ல விளக்கொளியில் ஐம்பது கூட்டின் வாயையும் பாருங்கள். மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் கவிழ்த்துத் தராசில் நிறுங்கள். பிறகு படிப்படியாகப் புரோகிரசிவ் பிரஸ்ஸுக்குப் போகும்போது, ஆர்சிபிஎஸ் லாக்-அவுட் டை அல்லது டில்லனின் பவுடர் செக் போன்ற ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். பெரிய கூட்டைப் பாதியாவது நிறைக்கும் பவுடர் கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். இரட்டிப்பு வழிந்தால் கண்ணில் படும்.

மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. தொலைக்காட்சி வேண்டாம், போன் வேறு அறையில். பேச வருபவரிடம் பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். யாராவது கூப்பிட்டு எழுந்துபோனால், திரும்பிவந்ததும் அந்தப் பலகையில் இருந்த பவுடரை முழுவதும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

8. மெதுவாக எரியும் மேக்னம் பவுடரைக் குறைத்துப் பார்க்காதீர்கள்.

எச்110, டபிள்யூ296 ஆகியவற்றை அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. அவற்றைக் குறைத்தால் மென்மை கிடைக்காது. சரியாகப் பற்றாது, குண்டு குழலில் சிக்கும்.

9. அதே தோட்டா ரைபிளிலும் ஓட வேண்டும்.

இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ரிவால்வரின் குழல் ஐந்தரை அங்குலம். ரைபிளின் குழல் இருபது, இருபத்துநான்கு அங்குலம். ரிவால்வரில் வெளியேறிவிடும் சோம்பேறிக் குண்டு, நீளக் குழலின் உராய்வில் பாதி வழியில் நின்றுவிடலாம். ஒவ்வொரு கலவையையும் ரைபிளிலும் அளந்து பாருங்கள்.

நீளமும் முக்கியம். 1873 வகை ரைபிளில் தோட்டாவை அறைக்கு உயர்த்தும் தூக்கி, தோட்டாவின் மொத்த நீளத்தை நம்பியே வேலை செய்கிறது. குட்டையாகிவிட்டால் அடுத்த தோட்டாவின் அடிப்பகுதி உள்ளே நுழைந்து மாட்டும். அதனால் குட்டைக் கூட்டை ரிவால்வரில் மட்டும் சுட்டு, ரைபிளுக்கு முழு நீள .45 கோல்ட்டை வைத்துக்கொள்பவர்கள் பலர். கவ்பாய் .45 ஸ்பெஷலை ரைபிளில் ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று செய்த தூக்கி வேண்டும். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னதன் பிரைமரில் முட்டிக்கொண்டே நிற்கும். எனவே தட்டை மூக்குக் குண்டுதான். கூட்டின் வாயைக் குண்டின்மேல் மடித்து இறுக்கும் கிரிம்ப் உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் குண்டு கூட்டுக்குள் இறங்கும்.

உறுதியான கிரிம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. குண்டைக் கூடு இறுக்கிப் பிடித்தால் பவுடர் பற்றி எரிய அவகாசம் கிடைக்கும், வேகம் சீராகும்.

10. கரிப்புகையும் பின்தள்ளிய பிரைமரும் ஏதோ சொல்கின்றன, கேளுங்கள்.

மென்மையான .45 கோல்ட்டைச் சுட்டபின் கூட்டின் பக்கவாட்டில் கறுப்பு படியும். அழுத்தம் போதாததால் கூட்டின் வாய் விரிந்து அறைச் சுவரில் ஒட்டவில்லை, வாயு பின்னால் கசிகிறது. .44-40 கூட்டின் வாய் மெல்லியது என்பதால் அது எளிதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கறுப்பு இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். ரைபிளின் உறுப்புகள் வரை கரி ஏறினாலோ முகத்தில் வாயு படுவதை உணர்ந்தாலோ, குண்டின் எடையைச் சற்றுக் கூட்டுங்கள் அல்லது அட்டவணைக்குள் ஒரு படி மேலே போங்கள்.

பிரைமர் கூட்டின் அடியிலிருந்து பின்தள்ளி நிற்பதும் குறைந்த அழுத்தத்தின் அடையாளம். அது சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். அங்கேயே நில்லுங்கள், அதற்கு மேல் மென்மை வேண்டாம்.

11. "டுப்" என்று வித்தியாசமான ஓசை வந்தால் அடுத்த முறை சுடாதீர்கள்.

தகட்டில் ஓசை இல்லை, கையில் உதைப்பு இல்லை என்றால் குண்டு குழலில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். அதன்பின் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் அதிகாரி நிறுத்தச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே துப்பாக்கியை மேஜையில் வையுங்கள். மீதித் தகடுகள் தவறியதாகக் கணக்காகும், ஆகட்டும். வீட்டில் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி எடுத்துவிடலாம். அந்தப் பெட்டியில் மீதியிருக்கும் தோட்டாக்களை அன்று சுட வேண்டாம்.

12. ஈயத்தைப் பற்றிச் சிறிது.

மென்மையான தோட்டாவுக்கு மென்மையான ஈயமே பொருத்தம். மிகக் கடினமான வார்ப்புக் குண்டு குறைந்த அழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்காது. பக்கத்தில் கசியும் வாயு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். கடினக் குண்டு இரும்பிலிருந்து திரும்பித் தெறிக்கவும் கூடும். உங்கள் சிலிண்டரின் வாய் விட்டத்தை அளந்து அதற்கேற்ற குண்டை வாங்குங்கள். இன்றைய துப்பாக்கிகளுக்கு .452 அங்குலம் வழக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோல்ட்டுகளில் .454 வரை வரும்.

கண்ணாடி எப்போதும். வேடிக்கை பார்ப்பவருக்கும். சுட்ட கூடுகளைத் தொட்ட கையால் உண்ணாதீர்கள். சமையலறையில் கூடு கழுவாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈயத் தூசி படிந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். இதில் என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது.

13. குறி தாழ்ந்தால் கலங்க வேண்டாம்.

நிலையான பார்வைக் குறியுள்ள ரிவால்வரில் இலேசான குண்டு பெரும்பாலும் தாழ்வாகப் படும், ஏனென்றால் உதைப்பில் குழல் மேலெழுவது குறைவு. பத்து கஜத்தில் பெரிய தகட்டுக்கு அது பெரிதல்ல. அதற்காக முன் குறியை அரம் போட்டுத் தேய்க்க அவசரப்படாதீர்கள். கலவை முடிவானபின் யோசிக்கலாம்.

14. கரும்பவுடருக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது.

அதில் காற்றிடம் விடவே கூடாது. மென்மை வேண்டுமென்றால் பவுடரைக் குறைத்து, மிச்ச இடத்தைக் கோதுமை ரவை அல்லது சோள ரவையால் நிரப்புவது அமெரிக்கச் சுடுநர்களிடையே நெடுநாள் வழக்கம். ஆனால் புகையில்லாப் பவுடரில் அந்த ரவையைப் போடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதைவிட, முதல் ஆண்டு ஒன்றில் மட்டும் நில்லுங்கள்.

15. ஒரு கலவையை முடிவுசெய்யும் வரை கொஞ்சமாகவே செய்யுங்கள்.

ஐம்பது செய்து, இரண்டு ரிவால்வரிலும் ரைபிளிலும் சுட்டு, எண்களைப் பார்த்து, பிறகே ஆயிரம். ஒவ்வொரு பெட்டியின்மேலும் குண்டின் எடை, பவுடரின் பெயரும் அளவும், பிரைமர், கூட்டின் வகை, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். சீட்டு இல்லாத பெட்டி அலமாரியில் கிடைத்தால், நீங்களே செய்தது என்று நன்றாகத் தெரிந்தாலும் சுடாதீர்கள். குண்டை இழுத்தெடுத்து, பவுடரைத் தோட்டத்து மண்ணில் கொட்டிவிட்டு, கூடுகளை மறுபடி பயன்படுத்துங்கள்.